கானாடுகாத்தானும் வளையமாதேவியும்

இங்கிலாந்தின் வில்ட்ஷையர் பகுதியில் லேகாக் என்றொரு சிற்றூர் உண்டு. 1944-இல் அவ்வூரை அதன் உரிமையாளரான மட்டில்டா டால்பட் அம்மையார் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுக்காப்பு அமைப்பிற்குக் கொடையளித்தார். பழமை மாறாத அதன் தெருக்களில், ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலின் சில காட்சிகளை 1995-இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடருக்காகப் படமாக்கினர்.

அதே ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ தமிழில் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) ஆனபோது, கதைக்குரிய வீட்டை இயக்குநர் ராஜீவ் மேனன் செட்டிநாட்டில் கண்டார். வீட்டை இழக்கும் பெண்களின் கதை அது. அதற்குச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தானில் நாம் கண்ட வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகின்றன. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என விரியும் அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன, சில விடுதிகளாகியுள்ளன, சிலவற்றிற்குப் படப்பிடிப்பு வாடகையும் ஓர் ஆதாரம். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

ஒளிப்பதிவுக் கருவி தூண்களின் பர்மாத் தேக்கைக் காட்டும். அத்தேக்கு வந்த வழியைக் காட்டாது. இவ்வீடுகளை எழுப்பிய செல்வத்தில் பெரும்பங்கு ஐராவதி ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களிலிருந்து வட்டியாய் வந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்தது. கடன் தீர்க்க இயலாத பர்மிய உழவர் நிலமிழந்தனர். கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலவுடைமை, 1938-இல் 25 பங்காயிற்று. விரும்பித் தேடிய நிலமன்று. திரும்பாத கடனுக்கு ஈடாய் வந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், பர்மிய விடுதலைக்குப் பின்வந்த நிலச் சட்டங்களும் அதனையும் பறித்தன. உழவனும் இழந்தான், கடன் கொடுத்தவனும் இழந்தான்; எஞ்சியது வீடு.

இவ்வரலாற்றை நெய்வேலிப் பக்கத்தாராகிய நாம் எளிதில் கடந்துபோக இயலாது. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் 2023 சூலையில், பழுப்பு நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்திற்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்க நிறுவனம். உரிய இழப்பீடு வரவில்லை என்றனர் உழவர். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது.

பயிருக்கு விலை கணக்கிடலாம். ஆனால் அங்கு அழிவது பயிர் மட்டுமன்று. வாய்க்காலின் பெயர், வரப்பின் எல்லை, களத்துமேட்டின் நினைவு. லேகாக்கைக் காக்க ஓர் அறக்கட்டளை முன்வந்தது. கானாடுகாத்தானுக்குத் திரைப்படமும் சுற்றுலாவும் ஓரளவு கைகொடுக்கின்றன. கூரையும் தூணுமாய் நிற்பதையே மரபு என நாம் கொண்டால், வயலாய் வாழ்ந்த ஊர்களுக்கு அப்பட்டியலில் இடமிராது. சுரங்கம் எடுத்துக்கொண்ட ஊருக்கு மீண்டும் சென்று காண ஒரு சுவரும் மிஞ்சுவதில்லை. ஆதலின் வளையமாதேவி போன்ற ஊர்களின் வயற்பெயர்களையும் வாய்க்காற்பெயர்களையும் முதியோர் வாய்மொழியாய் இன்றே பதிந்து வைப்பது தமிழ்த்துறையாரின் கடமை எனக் கருதுகிறோம்.