புள்ளிராஜாவின் மனைவி: தமிழகத்து எச்.ஐ.வி. தடுப்பு வரலாற்றில் ஆடவர்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையிலாகும். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு மேற்கொண்ட செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களின் குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் நடந்த சோதனையில் ஆறு பெண்களிடம் தொற்று இருப்பது வெளிப்பட்டது. அப்பெண்களிற் சிலர் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களை அணுகுதல் எளிது. அவர்களிடம் வந்துபோன ஆடவரை எங்குச் சென்று தேடுவது? இந்நோயின் தொடக்க வரலாறு பெண்ணின் பெயரால் எழுதப்பட்டமைக்கு இந்நடைமுறை வசதியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1990களில் ஆடவரும் தடுப்புப் பணிக்குள் கொண்டுவரப்பட்டனர். ஆயினும், அவர்கள் பெரும்பாலும் லாரி ஓட்டுநர்கள். நெடுஞ்சாலை நிறுத்தங்களில் ஆணுறைப் பரப்புரை நிகழ்ந்தது. எழுத்தரும் வணிகரும் இது தமக்குரியதன்று எனக் கடந்துபோக இது வழிவிட்டது.

தொற்றுக்குள்ளான 134 பெண்களைப் பற்றிய சென்னை ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் 88 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரே ஆடவருடன் மட்டும் உறவு கொண்டவர்கள், பெரும்பான்மையோர் இல்லத்தரசிகள். ஒருவனுக்கு ஒருத்தி என்னும் அறிவுரையை இவர்களுக்கு எடுத்துரைத்துப் பயன் என்ன? அதனை அவர்கள் ஏற்கெனவே கடைப்பிடித்தவர்கள்.

இப்பின்னணியிலேதான் 2003 அளவில் தமிழகத் தெருக்களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் விளம்பரப் பலகைகள் தோன்றின. ‘புள்ளி’ என்பது பேச்சுவழக்கில் ஆளையும் குறிக்கும். தொழில், சாதி, ஊர் எதுவும் சுட்டப்படாத ஓர் ஆடவனை நோக்கிய வினா இது. கேலிப் பேச்சுக்கும் அது இடந்தந்தது. ராஜா என்னும் பெயருடையோர் பட்ட பாடு தனிக்கதை. எனினும், ஆபத்தை ஓட்டுநரிடமிருந்து பிரித்து எந்த ஆடவனுக்கும் உரியதாக்கிய வகையில் இப்பரப்புரை முக்கியமானது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. ராஜாவுக்கு வருமா என்பதே அவ்வினா. அவன் மனைவிக்கு அதில் இடமில்லை.

2000க்கும் 2004க்கும் இடையில், மகாராட்டிரம் உள்ளிட்ட தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கருவுற்ற பெண்களிடையே தொற்று 1.7 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்ததென ‘லான்செட்’ ஆய்விதழ் 2006இல் வெளியிட்டது. ஆடவர் பாலியல் தொழிலாளரை நாடுவது குறைந்தமையோ, ஆணுறைப் பயன்பாடு கூடியமையோ இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். ஆடவரின் மாற்றத்தை அளப்பதற்கும் பெரிதும் பெண்ணின் குருதியே தேவைப்பட்டது.