ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்கு கமிஷனா? சட்டம் என்ன சொல்கிறது, பல்லாவரம் நோயாளி என்ன கேட்கலாம்?

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என ஜிஎஸ்டி சாலையில் போனால் கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர், மருத்துவமனை என்று வரிசையாக போர்டுகள் தெரியும். பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் உடம்பு சரியில்லை என்றால் முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்குத்தான். அங்கே சரியாகாத விஷயம் என்றால் டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தருவார். "இந்த சென்டர்லயே எடுங்க", "அந்த ஆஸ்பத்திரியில போய் என் பேரைச் சொல்லுங்க" என்பது பலரும் கேட்டுப் பழகிய வார்த்தைகள்.

அந்த சென்டர் உண்மையிலேயே நல்ல சென்டராக இருக்கலாம். டாக்டர் தன் அனுபவத்தில் நம்புகிற இடமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பின்னால் பணம் கைமாறுகிறதா, இல்லையா என்பதை நோயாளி தெரிந்துகொள்ள இன்று எந்த வழியும் இல்லை. சந்தேகப்படும் நோயாளிக்கும் பதில் கிடைப்பதில்லை. கமிஷனே வாங்காத டாக்டருக்கும் அதை நிரூபிக்க வழியில்லை.

எது கமிஷன், எது இல்லை?

ஒரு மருத்துவமனைக்குப் போய் ஆபரேஷன் செய்யும் சர்ஜன் அதற்கு வாங்கும் தொகை கட்டணம். அங்கே வாரம் இரண்டு நாள் நோயாளிகளைப் பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட் வாங்குவதும் கட்டணம். இதில் தவறு எதுவும் இல்லை. நோயாளியை அனுப்பி வைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவமனையோ லேபோ டாக்டருக்குக் கொடுக்கும் பணம்தான் பிரச்சினை. மும்பைப் பக்கம் இதை 'கட் பிராக்டிஸ்' என்பார்கள். இங்கே கமிஷன், கட்டிங், கொஞ்சம் நாசூக்காக 'ரெஃபரல் ஃபீஸ்'.

2002-ம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் கொண்டு வந்த மருத்துவர் நடத்தை விதிகளில் 6.4-வது பிரிவு இதைப் பற்றியது. நோயாளியை வேறொரு இடத்துக்கு அனுப்பியதற்கோ பரிந்துரைத்ததற்கோ கைமாறாக எந்தப் பரிசும், கமிஷனும், போனஸும் டாக்டர் வாங்கக் கூடாது, கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. ரத்தம், சிறுநீர் மாதிரிகளை லேபுக்கு அனுப்புவதற்கும் இதே விதி பொருந்தும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ம் தேதி புதிய விதிகளை அறிவித்தது. ஆனால் எதிர்ப்பு கிளம்பியதால் அதே மாதம் 23-ம் தேதியே நிறுத்தி வைத்து, 2002 விதிகளையே மறுபடியும் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

ஆக, தடை இருபது வருடங்களுக்கும் மேலாக இருக்கிறது. அப்புறம் எப்படி நடக்கிறது?

பெங்களூரு ரெய்டில் வெளியே வந்த கணக்கு

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை அரசுத் தரப்பே விளக்கமாகச் சொன்ன சம்பவம் 2017-ல் பெங்களூருவில் நடந்தது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் இரண்டிலும், பரிசோதனை மையங்கள் ஐந்திலும் வருமான வரித்துறை சோதனை போட்டது. கணக்கில் காட்டாத தொகை 100 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிவித்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அனுப்பினால் 35 சதவீதம், சி.டி. ஸ்கேனுக்கும் லேப் டெஸ்டுக்கும் 20 சதவீதம் என்று டாக்டர்களுக்குக் கமிஷன் போயிருக்கிறது என்றது. ஒரே ஒரு லேபில் மட்டும் இந்தச் செலவு 200 கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் சொன்னது.

கணக்குக்கு ஒரு எம்.ஆர்.ஐ. 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 35 சதவீதம் என்பது 2,450 ரூபாய். ஸ்கேன் எடுத்தவர் கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்கேனுக்கே சம்பந்தமில்லாத இடத்துக்குப் போகிறது.

பணம் கொடுத்த விதம் இன்னும் கவனிக்க வேண்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரொக்கம், முன்பணம், ஏஜென்ட் மூலமாக என்று பல வழிகள். இவற்றோடு செக்கும் உண்டு! டாக்டர் அந்த மையத்தில் ஆலோசகராக வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் போட்டு, 'தொழில்முறைக் கட்டணம்' என்ற பெயரில் செக் கொடுப்பார்கள். டாக்டர் அந்த மையத்துக்கு வந்து நோயாளியைப் பார்த்திருக்கவே மாட்டார். வெளியிலிருந்து கணக்கைப் பார்ப்பவருக்கு அது சம்பளம் மாதிரியே தெரியும். கமிஷனைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

செக்கைத் திருப்பி அனுப்பிய டாக்டர்

மகாராஷ்டிராவின் மஹாடில் பிராக்டிஸ் செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், தேள்கடி சிகிச்சை ஆராய்ச்சிக்காக உலகம் அறிந்தவர். 2022-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு நோயாளியை எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பியதற்காக 1,200 ரூபாய்க்கு ஒரு செக் அவருக்கு வந்தது. அவர் அதை ஏற்காமல், மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்தார்.

அடுத்த வருடம், 2014-ல், மும்பை கோகிலாபென் திருபாய் அம்பானி மருத்துவமனையின் 'எலீட் ஃபோரம்' என்ற திட்டம் வெளியே வந்தது. வருடத்துக்கு 40 நோயாளிகளை அட்மிட் ஆக அனுப்பும் டாக்டருக்கு 1 லட்சம் ரூபாய், 50 என்றால் 1.5 லட்சம், 75 என்றால் 2.5 லட்சம் என்று அதில் எழுத்திலேயே இருந்தது. இதிலும் பவாஸ்கர் புகார் கொடுத்தார். சர்ச்சை கிளம்பியதும் திட்டத்தைக் கைவிட்டதாக மருத்துவமனை சொன்னது.

இந்தச் சூட்டில் 2017-ல் மகாராஷ்டிர அரசு, முன்னாள் டிஜிபி பிரவீண் தீட்சித் தலைமையில் குழு போட்டு, கட் பிராக்டிஸுக்கு எதிராகத் தனிச் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தது. அதே வருடம் மும்பையில் ஒரு இதய மருத்துவமனை, டாக்டர்களுக்குக் கமிஷன் தருவதில்லை என்று பெரிய ஹோர்டிங்கே வைத்தது. கோபப்பட்டது இந்திய மருத்துவ சங்கம். மற்ற டாக்டர்களை எல்லாம் கமிஷன் வாங்குபவர்களாகக் காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. சட்டமாகவில்லை.

மருத்துவமனையைப் பிடிக்க முடியாதா?

ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 2002 விதிகள் டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும். வாங்கிய டாக்டர் மீது மருத்துவ கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கவும் செய்யலாம். கொடுத்த மருத்துவமனை மீது கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தனியார் மருத்துவமனை தொடர்ந்த வழக்கில், மருத்துவமனைகள் தங்கள் வரம்புக்குள் வராது என்று இந்திய மருத்துவ கவுன்சிலே ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டில் மருத்துவமனைகளைப் பதிவு செய்வது 1997-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். 2018-ல் திருத்தப்பட்டது. மாவட்ட அளவில் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் இதைப் பார்க்கிறார். கட்டடம், படுக்கை, ஆட்கள், அவசர சிகிச்சைக்கு வேண்டிய வசதி போன்றவைதான் அங்கே கேள்வி. 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த இளைஞர் இறந்தபோது, இந்தச் சட்டத்தின் கீழ்தான் அதன் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அது கமிஷன் புகார் அல்ல. வசதிக் குறைபாடு தொடர்பான விஷயம். வசதி இல்லை என்றால் பூட்டுப் போட அரசுக்கு வழி இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று மருத்துவமனை ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் எங்கேயும் இல்லை.

வரி வழியாகத் திறந்த கதவு

கொடுப்பவர்களை நீதிமன்றங்கள் பிடித்தது வரிக் கணக்கில்தான். கமிஷன் கொடுத்த நிறுவனம் அதைத் 'தொழில் செலவு' என்று காட்டி வரியைக் குறைக்கலாமா என்ற கேள்வி 2010-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கேப் ஸ்கேன் என்ற பரிசோதனை மையத்தின் வழக்கு அது. டாக்டர்களுக்குக் கொடுத்த ரெஃபரல் கமிஷனைச் செலவாகக் காட்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்த பெரிய வழக்கு சென்னையிலிருந்து போனது. அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம், 'ஜிங்கோவிட்' மாத்திரையை விளம்பரப்படுத்த டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களின் செலவாக சுமார் 4.72 கோடி ரூபாயைக் காட்டியிருந்தது. 'விதி டாக்டர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லையே' என்பது நிறுவனத்தின் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 பிப்ரவரி 22-ம் தேதி நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் அமர்வும் ஏற்கவில்லை. வாங்குவது தவறு என்றால் கொடுப்பதைச் சட்டப்படியான செலவாகக் கருத முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இலவசங்களின் விலை கடைசியில் மருந்து வாங்கும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அதே வருட நிதிச் சட்டம் இந்தத் தடையை வருமான வரிச் சட்டத்திலேயே எழுதி வைத்தது.

ஆனால் வரித்துறை பார்ப்பது வரியை. அவர்கள் கைக்குப் போகும் கணக்கு நோயாளியின் கைக்கு வராது. மருந்து கம்பெனிகளுக்கென 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டு வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறையும் மருத்துவமனை–டாக்டர் கொடுக்கல் வாங்கலைத் தொடுவதில்லை.

பிரிட்டனில் வெப்சைட்டில் போட வேண்டும்

பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2014-ல் தனியார் மருத்துவமனைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. நோயாளியை அனுப்புவதற்காக டாக்டருக்கு ஊக்கத்தொகை கொடுக்கக் கூடாது. நோயாளிகளை அனுப்பும் டாக்டர், அந்த மருத்துவமனையில் 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது. மருத்துவமனை டாக்டருக்குச் செய்து கொடுக்கும் மதிப்புள்ள சலுகைகளைத் தன் வெப்சைட்டிலேயே வெளியிட வேண்டும். சீட்டு கையில் வைத்திருக்கும் நோயாளி வீட்டிலிருந்தே அதைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் மருந்து, கருவி கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பதை 2014 முதல் அரசு வெப்சைட்டில் டாக்டர் பெயரைப் போட்டே தேடலாம். நோயாளியை அனுப்பக் காசு கொடுப்பதோ அங்கே 1970-களிலிருந்தே குற்றம். அதற்காக அங்கே முறைகேடே இல்லை என்று அர்த்தமில்லை. தேட ஓர் இடமாவது இருக்கிறது.

பல்லாவரத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

பழைய டிரங்க் ரோட்டில் கூடும் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மிக்ஸிக்குக்கூட நாலு இடத்தில் விலை கேட்டுத்தான் வாங்குகிறார்கள். ஸ்கேனுக்கு மட்டும் யாரும் கேட்பதில்லை. வலியோடு நிற்பவரால் கேட்கவும் முடியாது. கூட வந்தவர் கேட்கலாம்.

டெஸ்டையோ ஸ்கேனையோ எங்கே எடுப்பது என்பது நோயாளியின் விருப்பம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைகள் சாசனத்திலேயே இது இருக்கிறது. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. "டாக்டர், இதை வேற சென்டர்ல எடுக்கலாமா? ரிப்போர்ட் வித்தியாசப்படுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். குறிப்பிட்ட மெஷின் வேண்டும் என்பது போல மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் சொல்வார். அவசரம் இல்லாத ஸ்கேன் என்றால், கிளம்பும் முன் இரண்டு மூன்று சென்டர்களுக்குப் போன் போட்டு ரேட் கேட்பதும், குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் எடுக்க முடியுமா என்று விசாரிப்பதும் நல்லது. நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து மாதிரி அவசரங்களில் மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம். அங்கே நேரம்தான் முக்கியம்.

டாக்டர் தன் கட்டணத்தை கிளினிக் போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கின்றன. சீட்டு, பில், ரிப்போர்ட் மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். பில்லில் 'ரெஃபர்டு பை' என்று யார் பெயர் போட்டிருக்கிறது என்பதையும் கவனிக்கலாம். பெயர் இருப்பதாலேயே கமிஷன் போனது என்று ஆகிவிடாது. புகார் என்று வந்தால் அது ஒரு தடயம், அவ்வளவே.

டாக்டர் மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுத்தில் அனுப்பலாம். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது விதி. மருத்துவமனையின் பில்லிலோ சேவையிலோ குறை என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அரசு டாக்டர் யாராவது தனியார் லேபிடம் கமிஷன் வாங்கினால் அது ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழும் வரலாம். அதற்கு லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது.

தனியார் மருத்துவமனையிடம் ஆர்.டி.ஐ. போட முடியாது. மருத்துவ கவுன்சிலிடம் போடலாம். 6.4 பிரிவின் கீழ் எத்தனை புகார் வந்தது, எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்க 10 ரூபாய் கட்டணம் போதும். கவுன்சிலின் முடிவு திருப்தி தரவில்லை என்றால் என்ன செய்வது என்பதில்தான் ஒரு சிக்கல். 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-வது பிரிவு, மேல்முறையீட்டு வாய்ப்பை டாக்டருக்கு மட்டுமே தருகிறது. புகார் கொடுத்த நோயாளியைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் சொல்வதில்லை. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.