புதிய எஞ்சினைப் பழக்குதல்

புதிய காளையை முதல் நாளே முழுப் பாரத்தில் எவரும் பூட்டுவதில்லை. எஞ்சினுக்கும் அப்படியொரு பழக்கும் காலம் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் மாதிரி விமான எஞ்சின்களின் வரலாற்றில் இந்தப் பழக்குதல் நம் கவனத்துக்குரியது. ஒரு தலைமுறை பட்டறிந்து சொன்ன நல்லுரை, அடுத்த தலைமுறையில் கேடாக முடிந்த கதை அது.

1930களின் தொடக்கத்தில் மாதிரி விமானங்கள் பெரும்பாலும் முறுக்கிய ரப்பரின் வலிமையால் பறந்தன. பிலடெல்பியா இளைஞர் வில்லியம் பிரவுன் உருவாக்கிய சிறு பெட்ரோல் எஞ்சினைத் தம் விமானத்தில் பொருத்தி, மாக்ஸ்வெல் பாசெட் 1933ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ரப்பர் விமானங்களை வென்றார். பின்னர் எஞ்சின் விமானங்களுக்கெனத் தனிப் பிரிவே ஏற்பட்டது. 'பிரவுன் ஜூனியர்' என்று விற்பனைக்கு வந்த அந்த எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 10 சி.சி. தீப்பொறிக்கு வேண்டிய காயிலையும் பேட்டரியையும் விமானமே சுமக்க வேண்டியிருந்தது. 1947இல் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் அச்சுமையை இறக்கியது. அதன் பிளாட்டினக் கம்பிச்சுருள், ஒருமுறை சூடேறியபின், மெத்தனால் ஆவியின் துணையால் தானே கனன்றுகொண்டிருக்கும்.

அக்கால எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் வார்ப்பிரும்பு, சிலிண்டர் எஃகு. கண்ணுக்குப் புலப்படாத மேடுகள் இரண்டிலும் உண்டு. எடுத்த எடுப்பில் விரைந்து ஓட்டினால் அவை உராய்ந்து, கொதித்து, பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே ஊசி வால்வைத் தாராளமாகத் திறந்து, எரிபொருளை மிகுதியாக விட்டு, சூடேறாமல் மெதுவாக ஓட்டினர். அப்போது எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும். ஒலியும் தாழ்ந்து ஒலிக்கும். சில நிமிட ஓட்டம், பிறகு முழுதும் ஆறவிடல், மீண்டும் ஓட்டம். எரிபொருளில் கலந்த ஆமணக்கெண்ணெய், கடுஞ்சூட்டிலும் உலோகத்தைப் பற்றி நின்று காத்தது. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று வழங்குவதும் அதுவே.

1960களில் பந்தய எஞ்சின்களின் வழியே ஏ.பி.சி. அமைப்பு வந்தது: அலுமினியப் பிஸ்டன், பித்தளைச் சிலிண்டர், உட்புறம் குரோமியப் பூச்சு. சிலிண்டர் மேல்முனையில் சற்றே குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் அங்கே இறுகப் பிடிக்கும். சூடேறும்போது பித்தளை அதிகம் விரிந்து சரியான இடைவெளி தரும். இந்த எஞ்சினை முன்னோர் சொன்னபடி குளிரக் குளிர ஓட்டினால் பிடிப்பு விலகுவதே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் குறுக்கத்தில் மோதித் தேய்கிறது. இணைப்புத் தண்டும் வருந்துகிறது. இதற்கு வேண்டியது, எரிபொருள் சற்றே மிகுந்த, ஆனால் உரிய சூட்டை எட்டும் குறுகிய ஓட்டங்கள்.

இப்படிப் பரிவே பகையாயிற்று. மூத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அறிந்த இரும்புக்கு அவர்கள் சொன்னது உண்மை. உலோகம் மாறியபோது, சொல் மட்டும் மாறாமல் நின்றது. சூடு ஆகாது, மெல்லப் போ என்ற முறை கைமாறி வந்தது. ஏன் ஆகாது என்ற காரணம் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மரபைப் பெறும்போது அதன் காரணத்தையும் சேர்த்துக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை, ஒரு பித்தளைச் சிலிண்டர் நமக்கு நினைவூட்டுகிறது.