போரின் எச்சமும் தபால் வணிகமும்

போர் முடிந்ததும் படைக்கலங்கள் மறைந்துவிடுவதில்லை; அவை விற்பனைப் பண்டமாகின்றன. இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியப் படைக்கென அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ஸ்மித் அன்ட் வெசன் சுழல்துப்பாக்கிகள், பின்னர் மிகைப்பொருளாய் அமெரிக்கச் சந்தையை அடைந்தன. வணிகர் குழலைக் குறுக்கி, வேறு வகை ரவைக்கேற்ப அவற்றைத் திருத்தி விற்றனர்.

1963இல் ஒஸ்வால்ட் புனைபெயரில், 29.95 டொலர் விலையில், தபால்மூலம் பெற்றதும் இத்தகைய ஒன்றே. ஜனாதிபதி கெனடி சுடப்பட்ட நவம்பர் 22ஆம் நாளில், டலஸ் நகரப் பொலிஸ் அலுவலர் டிப்பிட் அதனாற் கொல்லப்பட்டார் என விசாரணை ஆணைக்குழு முடிவுசெய்தது. புதிய ரவை பழைய குழலினும் சற்றுச் சிறிதாதலின் அதிற் சீரான தடம் பதியவில்லை. வெற்றுக்கூடுகளே துப்பாக்கியை இனங்காட்டின.

மாநிலங்களுக்கிடையே தனியாட்களுக்குத் தபால்வழி விற்பதையும், மிகைப் படைக்கலங்களை இறக்குமதி செய்வதையும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வணிகம் முந்தியது, சட்டமோ உயிர்கள் பலியான பின்னரே வந்தது.