மேகமலை வௌவாலின் பெயர் வரலாறு

தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். தோட்டத் தொழிலில் இருந்த அவர் இயற்கை ஆர்வலரும்கூட. நாடெங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றே அது பதிவாகி, மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் கால் நூற்றாண்டு காலம் கிடந்தது. தோற்ற ஒற்றுமையில் இப்படி ஏமாறுவது எளிது.

தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்தபோதுதான் குட்டு உடைந்தது. குறுமூக்கு வௌவாலுக்குச் சிறிய வால் உண்டு. இதற்கு வாலே இல்லை. அதற்கு மேலும் கீழும் இரண்டு இணை வெட்டுப்பற்கள். இதற்கு ஓர் இணைதான். வேறுபாடு இனத்தோடு நிற்கவில்லை என்று கண்டு, 1972-ல் அவர் புதிய பேரினத்தையே அமைத்தார். அகன்ற பல் என்று பொருள்படும் ‘லாட்டிடென்ஸ்’ பேரினப் பெயராயிற்று; பறவையியலாளர் சாலிம் அலியைச் சிறப்பிக்கும் வகையில் ‘சலிமலியை’ இனப்பெயராயிற்று. அப்பேரினத்தில் இன்றும் இந்த ஓரினமே உள்ளது.

இரண்டாண்டுகளில் கிட்டி மறைந்தார். அவர் தாய்லாந்தில் கண்டெடுத்த, சுமார் 2 கிராம் எடையுள்ள பன்றிமூக்கு வௌவாலுக்கு 1974-ல் ஜான் எட்வர்ட்ஸ் ஹில் அவர் பெயரையே சூட்டினார். மேகமலை வௌவாலோ 1993-ல்தான் உயிரோடு மீண்டும் அகப்பட்டது.