தோல் தொழில்நுட்பக் கல்வி
தோல் தொழில்நுட்பக் கல்வி என்பது, விலங்குத் தோலிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அழுகாத பொருளாக மாற்றும் பதனிடுதலையும் அதன் கழிவு மேலாண்மையையும் கற்பிக்கும் பொறியியல் துறையாகும். வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய பாலாற்றங்கரை ஊர்களின் தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய இத்துறையில், அண்ணா பல்கலைக்கழகம் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் (தொடக்கம் 1948) இணைந்து இளநிலைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பை நடத்துகிறது.

ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிடுவது பழைய முறை. குரோமியம் உப்பால் பதனிடுவது விரைவானது. பின்னதில், சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்த தோலைச் சுழலும் மரப்பீப்பாயில் குரோமியக் கரைசலுடன் உருட்ட, அது நீலநிறம் பெறுகிறது. தோலில் ஏறாத குரோமியம் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

பாலாற்று மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இத்துறையின் ஆராய்ச்சியைக் கழிவுநீர்ச் சிக்கலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. பதனிடும் கட்டத்தில் தனியே நீர் சேர்க்காமல், குரோமியத்தைத் தோலில் முழுமையாக ஏறச்செய்ய முயலும் நீரற்ற குரோமியப் பதனிடுதல், மேற்படி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவற்றுள் குறிப்பிடத்தக்கது. வாணியம்பாடியில் தோல் தொழிற்கூடங்களின் கழிவுநீரை வானிடெக் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தூய்மைப்படுத்துகிறது.