பெட்டிக்குள் என்ன? லூயி புனுவலும் மீயதார்த்த சினிமாவின் பார்வையாளர்களும்

கனவின் தர்க்கத்தைப் பின்பற்றும் மீயதார்த்த சினிமாவை வெகுசன சினிமாவுக்கு நேர் எதிரானதாக வைத்துப் பேசுவதே வழக்கம். இயக்குநர் லூயி புனுவலின் படங்களைக் கால வரிசையில் பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. மெக்சிகோவின் வணிக சினிமாவில் தொழில் பழகிய பிறகுதான் அவருடைய கனவுகள் பரவலான பார்வையாளர்களை எட்டின என்பதே என் வாதம்.

தாயார் கொடுத்த பணத்தில் அவர் எடுத்த முதல் குறும்படமான 'ஆண்டலூசிய நாய்' 1929 ஜூனில் பாரிஸில் திரையிடப்பட்டது. இரண்டு கனவுகளிலிருந்து பிறந்த படம் அது. மேகக்கீற்று நிலவை அறுத்துச் செல்வது புனுவல் கண்ட கனவு. கையில் எறும்பு மொய்ப்பது ஓவியர் சால்வடார் டாலி கண்ட கனவு. காரணம் காட்டி விளக்கக்கூடிய படிமம் எதுவும் படத்தில் இருக்கக் கூடாதென்று, அதைச் சேர்ந்து எழுதிய இருவரும் விதி வகுத்துக்கொண்டார்கள். பார்ப்பவர்கள் தாக்கினால் திருப்பி எறிவதற்காகப் பைநிறையக் கற்களுடன் திரைக்குப் பின்னால் நின்றதாகப் புனுவல் பின்னாளில் சொன்னார். கிடைத்ததோ கைதட்டல். ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் கலைஞர்களும் சீமான்களும்தான். அடுத்த படமான 'பொற்காலம்' 1930 டிசம்பரில் 'ஸ்டூடியோ 28' அரங்கில் ஓடியபோது வலதுசாரிக் கும்பல் திரையில் மையை வீசியது. முகப்புக் கூடத்தில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தது. சில நாட்களிலேயே காவல்துறை விதித்த தடை நீங்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

திருப்பம் நிகழ்ந்தது மெக்சிகோவில். 1946இல் அங்கே போய்ச் சேர்ந்த புனுவலுக்கு முதலில் கிடைத்தது 'கிரான் கசினோ' என்ற பாட்டுப்படம். அது தோற்றது. 1949இல் வந்த 'எல் கிரான் கலவேரா' என்ற நகைச்சுவைப் படம் வசூலித்துக் கொடுத்தது. அந்த வெற்றிதான் 'லோஸ் ஒல்விதாதோஸ்' (1950) படத்துக்கு வழி திறந்தது. ஆய்வாளர்கள் பலர் இந்த வணிகப் படங்களை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு வருத்தம் தருகிறது. குறைந்த நாட்களில், குறைந்த செலவில், பார்ப்பவரின் கவனம் சிதறாமல் கதை சொல்லும் கை அவருக்குப் படிந்தது இவற்றில்தான்.

'லோஸ் ஒல்விதாதோஸ்' மெக்சிகோ நகரச் சேரிச் சிறுவர்களின் கதை. அதில் பேத்ரோ என்ற சிறுவன் ஒரு கனவு காண்கிறான். தாய் மெதுநகர்வில் நெருங்கி வந்து பச்சை இறைச்சித் துண்டம் ஒன்றை நீட்டுகிறாள். கட்டிலுக்கடியிலிருந்து நீளும் இன்னொருவனின் கை அதைப் பறிக்கிறது. இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. அவன் பசியையும், தாயின் கைக்காக அவன் ஏங்குவதையும் அதுவரை கதை நமக்குள் இறக்கியிருக்கிறது. 1929இல் படிமம் தனியாக வந்து தாக்கியது. இங்கே ஒரு பிள்ளையின் வயிற்றிலிருந்து எழுகிறது. மெக்சிகோவில் எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே அரங்குகளிலிருந்து எடுக்கப்பட்ட படம், 1951இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றபின் மீண்டும் திரைக்கு வந்தது.

அதன் பிறகு வந்தவற்றில் 'அழித்தொழிக்கும் தேவதை' (1962) முக்கியமானது. விருந்தினர்கள் ஓர் அறையைவிட்டு வெளியேற முடியாமல் போகிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. இருந்தும் தண்ணீருக்கும் உணவுக்கும் அவர்கள் படும் பாடு நாள் கணக்கோடு, நம்பும்படி விரிகிறது.

1967இல் வெளிவந்து வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்ற 'பெல் து ஜூர்' வசூலிலும் அவருக்குப் பெரும் வெற்றி. அதற்குக் கதைப்பொருளின் கிளர்ச்சியும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொன்றை. விலைமாதர் விடுதிக்கு வரும் ஆசிய வாடிக்கையாளர் ஒரு சிறு பெட்டியைத் திறந்து காட்டுகிறார். உள்ளிருந்து ரீங்காரம் மட்டும் கேட்கிறது; இருப்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. பெட்டிக்குள் என்ன என்று கேட்டவர்களிடம், நீங்கள் விரும்பியது எதுவோ அது என்று புனுவல் பதில் சொல்லிவந்தார்.